இராக்கலைஞரும் தியானமும்

உலகத்தார் உறங்குங் காலத்தே விழித்திருந்து உழைப்போர் பலதிறத்தினர். காவலாளர், செவிலியர், புகைவண்டித் தொழிலாளர் முதலாயினாரை நாம் நன்கறிவோம். அவரோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க மற்றொரு கூட்டத்தாரை மட்டும் நாம் தொழிலாளர் என்று கருதுவதேயில்லை. பாடகர், வாத்தியக்காரர், கூத்தர், நடனமாடுவோர் ஆகிய இவர்களே அக்கூட்டத்தார். ஊர் களிக்கும் நேரம் அவர்க்கு உழைக்கும் நேரம். ஊர் துயிலும் நேரம் அவர் பசியாறும் நேரம். கைதட்டும் ஒலியைக் கேட்டு அவர்களைப் பாக்கியசாலிகள் என்கிறோம். விடியற்காலையில் அவர்கள் வீடு திரும்புங் கோலத்தை நாம் காண்பதில்லை.

பத்து காஜா வட்டாரத்தார்க்கு இச்செய்தி புதிதன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்களிற் கோயிலில்லாத தோட்டம் அரிது. கெல்லி துரை என்று நம்மவர் வழங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித், தம் மாளிகை எழும்பிய காலத்தே தொழிலாளரைக் கொள்ளைநோய் வருத்தியபோது, அவர் வேண்டியவாறு மாரியம்மன் கோயிலொன்று கட்டுவித்தார் என்பது இவ்வூரார் வழிவழியாய்ச் சொல்லும் வரலாறு. கோயில் இருந்தால் திருவிழா. திருவிழா இருந்தால் இராமுழுதும் கூத்து. வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் நல்லதங்காளும் லயன் வீடுகளின் எதிரே விடியவிடிய நடந்தன. பொழுது புலருமுன் பார்த்தவர் பெரட்டுக்களத்திற்கு ஓடினர். ஆடியவர் வேடத்தைக் கலைத்துவிட்டு அடுத்த தோட்டத்திற்கு மூட்டை கட்டினர். களைப்பு நீங்க அவர்க்கு நாம் கொடுத்தது யாது? பெரும்பாலும் கள்ளு.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. அவற்றில் வாழ்ந்தோர் மக்கள் ஈப்போ முதலிய நகரங்களிற் குடியேறினர். எனினும் இராக்கலை மாயவில்லை. உறுமி மேளக் குழுக்களிலும், திருமண மண்டபங்களிலும், உணவு விடுதிகளின் இசைமேடைகளிலும் நம் இளைஞர் நள்ளிரவு கடந்தும் உழைக்கின்றனர். இடம் மாறிற்று, உழைப்பின் இயல்பு மாறவில்லை. கள்ளின் இடத்திற் புட்டி மதுவும், சிலவிடத்து அதனினுங் கொடியனவும் வந்து புகுந்தன.

இத்தகையோர்க்குத் தியானம் துணையாகுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். "சீர்திருத்தம் பேசும் ஏட்டில் சாமியார் சரக்கா?" என்று தோழர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சற்றே பொறுத்தருள்க. இவ்வரலாற்றின் ஒரு வேர் நம் மலாயாத் தோட்டமொன்றின் மருத்துவமனையில் ஊன்றியிருத்தலை அறிந்தால் அவரும் வியப்பர்.

திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் குப்புசாமி. தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1913இற் கப்பலேறி மலாயா வந்தார். சிரம்பானுக்கு அருகே இரப்பர்த் தோட்ட மருத்துவமனையொன்றை ஏறத்தாழ ஏழாண்டு நடத்தினார். பின்னர் ஜோகூரிலும் பணியாற்றினார். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்ததெனினும், கங்காணி முறையால் ஆயிரமாயிரமாய் நம்மவர் வந்திறங்கிய காலம் அது. மலைக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் தோட்டத்திற் கூற்றுவனாய் உலாவின. கூலிக்காரன் உடம்பு எவ்வாறு தேய்கின்றது என்பதை ஏட்டிற் படித்தவரல்லர் அவர். கட்டிலின் அருகே நின்று கண்டவர். 1923இல் வேலையைத் துறந்து இந்தியா திரும்பினார். 1924இல் இருடிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்விக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார், 1963இல் மறைந்தார்.

இவரைப்பற்றி நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மருத்துவத் தொழிலை விட்ட பின்னும் மருத்துவர் பழக்கம் அவரை விடவில்லை. மூச்சு, உணவு, உறக்கம், உடற்பயிற்சி, மனத்தை ஒருவழிப்படுத்தல் ஆகியவற்றை மருந்துச் சீட்டு எழுதுவதுபோல எளிய நடையில் எழுதி, நூல் நூலாய் அச்சிட்டு வெளிநாடுகட்கும் அனுப்பினார். மறைவாய்க் காதிலோதும் பொருளாக ஒரு சாரார் வைத்திருந்ததை அஞ்சற்சாலை வழியே கடல் கடத்தினார். வடமொழி அறியாத அயல்நாட்டாரையும் பெண்டிரையும் மாணவராக ஏற்றார். செருமானிய நாட்டிற் பிறந்த பெண்மணி ஒருவர்க்கு 1956இல் துறவும் அளித்தார். சாத்திரம் யாரை வெளியே நிறுத்திற்றோ அவரை உள்ளே அழைத்தமை பாராட்டத்தக்கதே.

1949ஆம் ஆண்டில் அவரிடம் துறவு பெற்றோருள் இருவர் நம் கதைக்கு உரியவர். ஒருவர் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இற் பிறந்த இராமசாமி. மணஞ்செய்து மனைவியை இழந்து துறவு நாடிய இவர் சச்சிதானந்தர் எனப் பெயர் பெற்றார். 1953இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுத் திருகோணமலையிலும் கண்டியிலும் பணிசெய்து, 1966இல் நியூயார்க் நகரை அடைந்தார். மற்றவர் எரணாகுளத்தைச் சேர்ந்த பாலகிருஷ்ண மேனன். பத்திரிகை நிருபரான இவர், சாமியார்களின் புரட்டை வெளியிட வேண்டுமென்ற எண்ணத்தோடு இருடிகேசம் சென்று, அங்கேயே தங்கிச் சின்மயானந்தர் ஆனவர். 1964இல் விசுவ இந்து பரிஷத்தைத் தோற்றுவித்தோருள் இவரும் ஒருவர். அவ்வழி நமக்கு உடன்பாடன்று. ஆயினும் வரலாறு கூறுவோன் உள்ளதைக் கூறக் கடவன்.

இனி நியூயார்க் நகரின் இராவாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். அமெரிக்கக் கறுப்பு மக்கள் படைத்தளித்த ஜாஸ் என்னும் இசை அந்நகரின் மதுக்கூடங்களில் வளர்ந்தது. அவர் முன்னோர் அடிமைகளாய் விற்கப்பட்டவர். ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த நமக்கு அவர் துயர் எளிதில் விளங்கும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்று, நான்கு மணிவரை அவர்கள் வாசிப்பர். வாசிப்பவன் கூலி அங்கே விற்கும் மதுவிலிருந்து வந்தது. மதுக்கூடத்தில் வாசிக்கக் காவல்துறை வழங்கும் உரிமச் சீட்டு ஒன்று வேண்டும் என்னுஞ் சட்டமும் 1940 முதல் 1967 வரை அந்நகரில் நிலவிற்று. போதைக் குற்றத்தில் அகப்பட்டவன் சீட்டை இழந்தான். சீட்டை இழந்தவன் சோற்றை இழந்தான். குடியும் போதையும் நிறைந்த இடத்தில் ஒருவனை வேலைக்கு வைத்து, அவன் அவற்றைத் தொட்டால் வேலையைப் பறிப்பது எத்தகைய நீதி என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

இதன் விளைவு யாது? சார்லி பார்க்கர் என்னும் ஒப்பற்ற கலைஞர் 1955இல் தம் 34ஆம் வயதில் மாண்டார். ஜான் கால்ட்ரேன் என்பார் ஹெராயின் நஞ்சுக்கும் குடிக்கும் ஆட்பட்டு, 1957இல் தாம் வாசித்த குழுவினின்றும் நீக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே அவர் இரண்டையும் விட்டொழித்தார். பின்னர்ப் பல சமயநூல்களையும் கற்றார். இந்திய இசையில் ஈடுபட்டுத் தம் மகன் ஒருவனுக்குச் சித்தார்க் கலைஞர் இரவி சங்கரின் பெயரை வைத்தார். 1964இல் அவர் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' என்னும் இசைத்தட்டு நன்றிக் காணிக்கையாகவே படைக்கப்பட்டது. ஆயினும் 1967இல், 40 வயதில், ஈரற் புற்றுநோயால் அவர் இறந்தார். மனந் திருந்திற்று, உடல் தான் பட்ட கடனைத் திருப்பிக் கேட்டது.

அவர் மனைவி ஆலிஸ் கால்ட்ரேன் 1937இல் டெட்ராய்ட் நகரிற் பிறந்தவர். பியானோவிலும் யாழிலும் வல்லவர். கணவர் மறைந்தபோது நான்கு குழந்தைகள் கையில். உறக்கம் கெட்டது, உடல் மெலிந்தது, காட்சி மயக்கங்களும் உண்டாயின. இந்நிலையில் அவர் செட்டிபாளையத்துச் சச்சிதானந்தரைச் சந்தித்துத் தியானம் பயின்றார். 1970ஆம் ஆண்டின் இறுதியில் அவரோடு இந்தியப் பயணமும் மேற்கொண்டார். 1971இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுக்குச் சச்சிதானந்தர் பெயரையே சூட்டினார். அதில் யாழின் ஒலிக்குக் கீழே நம் தம்பூரா இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்த பல ஆண்டுகள் இசைத்தட்டு வெளியிட்டு, 1970களின் இறுதியில் வாணிக மேடையை விட்டு விலகிக் கலிபோர்னியாவில் ஓர் ஆசிரமம் நடத்தினார். கறுப்பர் தேவாலயப் பாட்டின் எழுச்சியும் நம் பஜனையும் அங்கே ஒன்றாயின. 2004இல் மீண்டும் ஓர் இசைத்தட்டு அளித்து, 2007இல், 69 வயதில் மறைந்தார். பார்க்கர் வாழ்ந்த ஆண்டுகளை இரட்டித்தாலன்றி இவ்வயது வாராது.

சானி ரோலின்ஸ் என்னும் சாக்சபோன் கலைஞர் வரலாறு இதனின் வேறுபட்டது. இவரும் இளமையிற் போதைக்கு அடிமையாகி மீண்டவர். புகழின் உச்சியில் இருந்தபோதே, 1959இல், மதுக்கூட வேலையைத் துறந்து, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று 1961 வரை தனியே பயிற்சி செய்தார். 1968இல் பம்பாயை அடுத்த பவாய் என்னுமிடத்திற் சின்மயானந்தர் ஆசிரமத்தில் சில திங்கள் தங்கினார். கண்மூடி அமர்ந்து மனத்தை நிறுத்துதல் தமக்கு எளிதாயில்லை என்றும், வாசித்தலே உமக்கு யோகம் என்று ஆசான் விடையளித்தார் என்றும் அவர் பின்னாளிற் கூறியுள்ளார். இச்செய்தி பெரிதும் போற்றத்தக்கது. அமர்ந்து செய்வதே தியானம் என்னும் மயக்கத்தை இது போக்குகின்றது. சுருதியோடு ஒன்றி ஒரே சுரத்தை நீளப் பிடித்து வாசிக்கும் நாகசுரக்காரனும், தாளக்கட்டில் தன்னை மறக்கும் உறுமிக்காரனும் அதன் வாயிலில் ஏற்கெனவே நிற்கின்றனர்.

மேனாட்டுக் கதை கிடக்கட்டும், நம்மவர் நிலை என்ன என்று வினவலாம். செங்கோட்டையிற் பிறந்து, தமிழ்நாட்டையும் இலங்கையையும் தம் குரலாற் கட்டியாண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவர்க்கு வயது 27. ஓயாத நாடகவுழைப்பும் குடியும் அவர் உடலை அரித்தன என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதில் வெள்ளையுடுத்தார், ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என நோன்பு பூண்டு இறுதிவரை காத்தார், 1980இல் மறைந்தார். நாடு அவ்வம்மையின் நோன்பைப் போற்றிற்று. ஆனால் ஓரிளைஞனை இரவு தோறும் விடியுமட்டும் பாடவைத்துப் பணம் பெருக்கிய முறையை எவர் குற்றங் கூறினார்? பெண்ணின் துறவைப் புகழ்ந்துவிட்டு ஆணின் அழிவை விதி என்று விட்டுவிட்டோம். அவ்விதி யாரால் எழுதப்பட்டது என்று கேட்பதே சீர்திருத்தக்காரன் கடமை.

இனித் தியானம் உடம்பிற் செய்வது யாது என்பதை ஆராய்வோம். மேடையேறியவன் நெஞ்சு விரைந்து துடிக்கும், மூச்சு மேலோங்கும், இரத்தத்திற் கிளர்ச்சி தரும் சுரப்புகள் மிகும். ஆட்டம் முடிந்தவுடன் விளக்கை அணைக்கலாம். உடம்பை அவ்வாறு அணைக்கவியலாது. அக்கிளர்ச்சி தணியச் சில மணிநேரமும் செல்லும். வீடு சென்று படுத்தாலும் கண் மூடாது. அவ்விடைவெளியிலேதான் மது வந்து நுழைகின்றது. மது உறக்கத்தை வருவிப்பதுபோற் காட்டி, வந்த உறக்கத்தை நடுவே கலைத்துவிடும். மறுநாட் சோர்வு நீங்க மற்றொரு பொருள் வேண்டும். இவ்வாறு சக்கரம் சுழல்கின்றது.

இச்சக்கரத்தை நிறுத்த ஒரு வழி அமைதியாய் அமர்ந்து மூச்சையோ ஒரு சொல்லையோ பற்றிநிற்றல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் தியானஞ் செய்வோரை ஆராய்ந்தார். அவர்கள் உட்கொள்ளும் பிராணவாயு குறைவதையும், மூச்சு மெலிதாவதையும் அளந்து கண்டார். 1975இல் வெளியிட்ட நூலில் அவர் மற்றொன்றும் கூறினார்: மந்திரம் இன்னதே என்னும் நியதியில்லை, எளிய சொல் எதனைத் திருப்பித் திருப்பி நினைத்தாலும் அவ்வமைதி வரும். தோழர்களே, இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். இன்ன சாதியான் இன்ன மந்திரத்தை ஓதினாலன்றிப் பயனில்லை என்று காலங்காலமாய்க் கதவடைத்தோர் கூற்று ஓர் ஆய்வுக்கூடத்தில் உடைந்தது. கடவுளை நம்புவோன் அவர் பெயரை நினைக்கட்டும். நம்பாதவன் 'ஒன்று' என்னும் எண்ணை நினைக்கட்டும். உடம்பு இருவரையும் ஒப்பவே தணிவிக்கும்.

மேடையச்சத்திற்கும் இது துணைசெய்கின்றது என்பதற்குச் சான்றுண்டு. இசை பயில்வோரிடையே நடந்த சிறு ஆய்வுகளிற் சில வாரத் தியானப் பயிற்சி பெற்றவர் அச்சங் குறைந்தமை கண்டனர். ஆனால் ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறிது. ஆதலின் மிகைப்படுத்தல் ஆகாது.

தியானத்தின் எல்லையையும் ஒளிக்காமற் கூறுதல் வேண்டும். முதலாவது, தியானம் உறக்கத்திற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், உடம்பின் இயற்கைக் கடிகாரத்தைக் குலைக்கும் இராவேலையைப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றுள் ஒன்றாக 2007இல் வகுத்தது. 2019இலும் அதனை உறுதிசெய்தது. அரைமணி கண்மூடியிருந்து இழந்த இரவுகளை மீட்கலாம் என்பது மயக்கம். நீங்காத சோர்வும் மனக்கலக்கமும் உடையோர் மருத்துவரை நாடுதலே முறை.

இரண்டாவது, பயிற்சி வேறு, பயிற்றுவோர் வேறு. சச்சிதானந்தர் 1969 ஆகஸ்டு 15ஆம் நாள் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவ்விழாவிற்குத் திரண்டோர் ஏறத்தாழ 4 இலட்சம் என்பர். அத்துணைப் புகழ் பெற்ற அவர் மீதே 1991இல் மாணவியராயிருந்த சிலர் ஒழுக்கக்கேட்டுக் குற்றஞ் சாட்டினர். அவர் அதனை மறுத்தார். அவர் 2002இல் மறைந்துவிட்டார். நாம் தீர்ப்புக் கூற அமர்ந்திலோம். ஒருவன் காலடியில் அறிவை அடகுவைத்துப் பெறவேண்டிய பொருளன்று மனவமைதி என்பதே நாம் வற்புறுத்துவது. நீந்தக் கற்றவன் ஆற்றைக் கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம். நீந்தக் கற்பித்தவனைச் சுமந்துகொண்டு நீந்த வேண்டுவதில்லை.

மூன்றாவதே தலையாயது. கலைஞன் துன்பம் முழுதும் அவன் மனத்திற் பிறந்ததன்று. பேசிய கூலி கைக்கு வாராமை, விடியுமட்டும் ஆட்டத்தை நீட்டச் சொல்லுதல், கூலிக்குப் பதில் குடியை ஊற்றுதல், "மேளக்காரன்தானே" என்னும் இளக்காரம் ஆகிய இவை வெளியிலிருந்து வந்தவை. இவற்றைக் களையாமல் "மனத்தை அடக்கிக்கொள்" என்று அவனுக்கு உபதேசிப்பது, நோயாளியின் மேலிருந்து பாரத்தை இறக்காமலே அவனை மூச்சு நன்றாய் விடச் சொல்லுவது போலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது கூலியுயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றுங் கேட்டனர். உள்ளொழுக்கமும் வெளியுரிமையும் ஒருங்கே வேண்டும் என்பதை அவர் எவரிடமும் பாடங் கேளாமலே அறிந்திருந்தனர். நாமோ இரண்டையும் பிரித்து, ஒன்றைச் சாமியாரிடமும் மற்றொன்றைச் சங்கத்தாரிடமும் விட்டுவிட்டோம்.

ஆதலின் இரு சாரார்க்கும் சில சொற்கள். கலைஞர்களே! ஆட்டம் முடிந்தவுடன் புட்டியை நாடுமுன் கால்மணி நேரம் உங்களுக்கென ஒதுக்குங்கள். முகங் கழுவி, வேடங் கலைத்து, இரைச்சலில்லாத ஓரிடத்தில் முதுகை நிமிர்த்தி அமருங்கள். வெளிவிடும் மூச்சை உள்வாங்கும் மூச்சினும் சிறிது நீளமாக விடுங்கள். ஒரு சொல்லைப் பற்றுங்கள். மனம் ஓடினால் வையாமல் திரும்ப அழையுங்கள். சிறிது உண்டு, விளக்கை மறைத்து, பகலிலேனும் இடையறாது உறங்குங்கள். இதற்குக் காசு வேண்டா, காவி வேண்டா, குரு தட்சிணையும் வேண்டா. கள்ளுக் கடைக்காரர் தவிர வேறெவர்க்கும் நட்டமில்லை.

கோயிற் பொறுப்பாளர்களே, மண்டபத்தாரே, விழா நடத்துவோரே! ஆட்டம் இத்தனை மணிக்கு முடியும் என்று முன்னரே வரையறுங்கள். பேசிய தொகையை அன்றிரவே கொடுங்கள். குடிக்குப் பதில் சுடுசோறு கொடுங்கள். வாத்தியக்காரர் இளைப்பாற ஓர் அறையும் ஒரு பாயும் ஒதுக்குங்கள். நாம் கேட்பது தானமன்று.

நூறாண்டுக்கு முன் சிரம்பான் தோட்டத்து மருத்துவர் ஒருவர் கூலிக்காரன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவர் பின்னாளிற் பரப்பிய பயிற்சி கடல் கடந்து, அடிமைகளின் பேத்தி ஒருத்திக்கு நியூயார்க்கில் உறக்கத்தையும் இசையையும் மீட்டுத் தந்தது. கூலிக்காரன் பேரன் பத்து காஜாவில் இன்றும் விடியுமட்டும் உறுமியடிக்கிறான். உலகைச் சுற்றி வந்த அம்மருந்து அவன் வீட்டையும் அடையட்டும். அதனுடன் அவனுக்குரிய கூலியும் சேரட்டும்.